தூண்டிலில் பொய் இரை வந்த கதை

கோடை வந்தால் ஒன்ராறியோ ஏரிக்கரைகளில் நம்மவர்களையும் தூண்டிலோடு காணலாம். கடைக்குப் போனால் சுவர் முழுக்க வண்ண வண்ணமாகப் பொய் இரைகள் தொங்கும். பாஸ் மீனுக்கு அதில் எதை வாங்குவது? அவை பிறந்த கதையிலேயே பதில் இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தேனீ வளர்த்தவர் ஜேம்ஸ் ஹெடன். குளக்கரையில் சீவிக்கொண்டிருந்த மரத்துண்டை அவர் தண்ணீரில் எறிய, பாஸ் மீனொன்று பாய்ந்து அடித்ததாம். 1890களின் இறுதியில் அவர் மரத்தவளை செதுக்கத் தொடங்கியதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

பின்லாந்தில் லௌரி ரப்பாலா ஏழை மீனவர். நொண்டி நொண்டி நீந்தும் சிறுமீனையே பெரிய மீன்கள் தேடி விழுங்குவதை அவர் கவனித்தார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சொக்லேற் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்பட நெகற்றிவை உருக்கிப் பூசி, அதேபோல் தள்ளாடும் இரையொன்றைச் செய்தார். அது 1959இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1962இல் லைஃப் சஞ்சிகை அதைப்பற்றி எழுதியபின் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாமல் போனது. பாஸ் பிடிப்பவர்களும் அதை விரும்பி வாங்கினார்கள்.

1949இல் ஓகையோ மாநிலத்தின் அக்ரனில் நிக் கிரீம் மிருதுவான பிளாஸ்ரிக் புழுவை அச்சில் வார்த்தார். கடித்த மீன் அதை உடனே துப்புவதில்லை. கொக்கியின் நுனியைப் புழுவுக்குள் மறைத்துவிட்டால் நீர்ப்பாசியிலும் சிக்காது.

ஆக, மீனின் கண்ணுக்கு வேண்டியது அழகு அல்ல, அசைவு. கலங்கிய நீரில் அதிர்வு தரும் சுழல்தகட்டு இரை நல்லது. தெளிந்த நீரில் மெலிந்த, இயற்கை நிற இரை போதும். பாசிக்குள் பிளாஸ்ரிக் புழு. கோடையின் விடியலிலும் அந்தியிலும் மேல்மிதக்கும் தவளை. நீர் குளிர்ந்திருந்தால் மெதுவாக இழுங்கள், இடையிடையே நிறுத்துங்கள். பல தடவை அந்த நிறுத்தத்தில்தான் மீன் கடிக்கும்.

கணக்காளன் என்பதால் செலவையும் பார்க்கிறேன். அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், 1932 ஜூன் 2ஆம் திகதி, ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்ற இளம் விவசாயி 22 இறாத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். அவரிடமும் நண்பரிடமுமாக இருந்தது ஒரேயொரு பொய் இரைதான் என்பார்கள். அந்த மீன் வீட்டுச் சாப்பாடாகிப் போனது. 2009இல் யப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட மீனொன்று சமமாகப் பதிவாகும்வரை, 77 ஆண்டுகள் அச்சாதனை தனித்து நின்றது.

பெட்டி நிறைய வாங்கி அடுக்குவதிலும் பார்க்க, மூன்று நான்கை வாங்கி, ஒவ்வொன்றும் நீருக்குள் எப்படி அசைகிறது என்று கரையோரத்தில் இழுத்துப் பாருங்கள். மீன்பிடி அனுமதிப்பத்திரத்தையும் மறக்க வேண்டாம். அடுத்த மாதம் சந்திப்போம்.