உள்ளங்கால் நார்க்கட்டி

குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலைத் தாங்கி நிற்கும் தடித்த நார்ப்பட்டையில் உருவாகும், புற்று அல்லாத முடிச்சு. மருத்துவர்கள் பிளாண்டர் ஃபைப்ரோமா என்பர். இந்நோயை 1890களில் விவரித்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் கியோர்க் லெடர்ஹோஸ் பெயரால் லெடர்ஹோஸ் நோய் என்றும் வழங்குகிறது.

பாதத்தின் உள்வளைவில், கோலிக்குண்டு போல அழுத்தமாகக் கைக்குத் தட்டுப்படும். மேலுள்ள தோலில் மாற்றம் இருக்காது. மெதுவாக வளரும், பல ஆண்டுகள் வலியே இல்லாமலும் இருக்கலாம். இதைக் கால் ஆணி என்று எண்ணி பிளேடால் சீவுவோரும், மருந்துப் பட்டை ஒட்டுவோரும் உண்டு. ஆணி, அழுத்தம் விழும் இடத்தில் தோலே தடித்துப்போவது. நார்க்கட்டியோ தோலுக்கு அடியில் இருப்பது. ஆணிப் பட்டையிலுள்ள சாலிசிலிக் அமிலம் கட்டியை எட்டாது, தோலைத்தான் அரிக்கும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு அப்படி வரும் புண் காலையே பறிக்கக்கூடும்.

சரியான காரணம் தெளிவாகவில்லை. நடுவயதினரிடமும் ஆண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. குடும்பவழியாக வருவதும் உண்டு. உள்ளங்கையில் இதேபோல் முடிச்சு விழுந்து விரல்கள் மடங்கும் டுப்யூட்ரென் நோய் உள்ளவர்களுக்கு இதுவும் சேர்ந்து வரலாம். ஆனால் கையைப்போலக் கால்விரல்கள் மடங்குவது அரிது.

தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் கண்டறியலாம். அல்ட்ராசவுண்டு ஸ்கேன் உறுதிசெய்யும். வலி இல்லையென்றால் அப்படியே விட்டுவைத்துக் கவனிப்பதே நல்லது. நடக்கும்போது உறுத்தினால், கட்டி அமரும் இடத்தில் குழிவு வெட்டிய மெத்தென்ற இன்சோலைச் செருப்பிலோ ஷூவிலோ பொருத்தலாம். பலருக்கு இதுவே போதும். ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கலாம், கட்டியைக் கரைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. நோயின் தொடக்க நிலையில் சிலருக்குக் கதிர்வீச்சும் அளிக்கப்படுகிறது.

வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்ற அவசரம் இங்கே உதவாது. முடிச்சை மட்டும் எடுத்தால் மீண்டும் வளர்வது மிகச் சாதாரணம். நார்ப்பட்டையை அகலமாக எடுத்தால் அந்த வாய்ப்பு குறையும். ஆனால் அருகிலுள்ள நரம்பு பாதிக்கப்படலாம், உடல் எடையைத் தாங்கும் இடத்தில் வலிக்கும் தழும்பும் நிற்கலாம். ஆகவே, மற்ற வழிகள் பலிக்காமல் நடையே முடங்கும்போதுதான் அறுவை.

கட்டி வேகமாகப் பெரிதானாலோ, ஓய்விலும் இரவிலும் வலித்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாதத்தில் அரிதாக வரும் சார்கோமா என்னும் புற்றும் தொடக்கத்தில் சாதுவான கட்டி போலவே தெரியும். எம்ஆர்ஐ ஸ்கேனும் திசுப் பரிசோதனையும்தான் இரண்டையும் பிரித்துக்காட்டும்.