நிக்கோபார் புறா

நிக்கோபார் தீவுகளில் தொடங்கி, மலாய்த் தீவுக்கூட்டம் வழியே சாலமன், பலாவு வரை சிறு தீவுகளின் காடுகளில் வாழும் பெரிய புறா. நீளம் சுமார் 40 செ.மீ. உடல் பச்சையும் செம்புமாக மின்னும். கழுத்து இறகுகள் சடைசடையாகத் தொங்கும். குட்டை வால் தூய வெள்ளை. இளம்பறவைக்கு வால் கறுப்பு. மும்பைக் கட்டடங்களில் அடையும் மாடப்புறாவும் மகாராஷ்டிர மாநிலப் பறவையான பச்சைப்புறாவும் இதற்குத் தூரத்து உறவே.

எலியேசர் அல்பின் 1738இல் வெளியிட்ட பறவை நூலில் இதன் படம் உண்டு. 1758இல் லின்னேயஸ் இதைச் சாதாரணப் புறாக்களின் பேரினத்திலேயே சேர்த்தார். 1840இல் ஜார்ஜ் ராபர்ட் கிரே கலோயனாஸ் என்ற தனிப் பேரினத்தை வகுத்தார், பிரித்ததே சரி. 2002இல் வெளியான மரபணு ஆய்வின்படி, மொரீஷியஸில் அழிந்த டோடோவுக்கு இன்று உயிரோடுள்ள மிக நெருங்கிய உறவு இப்புறாதான். பேரினத்தில் இதற்குத் துணையாயிருந்த புள்ளிப் பச்சைப்புறா அழிந்துவிட்டது. பாடம் செய்த அதன் ஒரே உடல் லிவர்பூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரம் என்று சொல்லும் தீவுகள் நிக்கோபாரே. எனினும் அங்குள்ள பறவைகளை முறையாக ஆராய்ந்தவர், பின்னாளில் காங்கிரஸைத் தோற்றுவித்த ஏ. ஓ. ஹியூம். 1873இல் கப்பலில் சென்றவர், மனிதர் குடியேறாத பட்டிமால்வ் தீவில் இப்புறாக்களைப் பெருங்கூட்டமாகக் கண்டார். அவருடைய சேகரிப்பு 1885இல் லண்டன் போய்ச் சேர்ந்தது. தீவுப் பறவைகளைப் பற்றிய பிற்கால ஆய்வில் பம்பாய்க்கும் பங்குண்டு: 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஹுமாயூன் அப்துல் அலி, 1960களில் அந்தமான் நிக்கோபார் சென்று திரட்டியதைக் கழகத்தின் ஆய்விதழில் விரிவாக எழுதினார்.

தரையில் மேய்ந்து விதை, கனி தின்னும். இரைப்பையிலுள்ள கல் கடின விதைகளையும் நொறுக்கும். அந்தக் கல்லை நகையில் பதிக்கவே பறவையைக் கொன்றவர்கள் உண்டு. கூட்டமாக மரங்களில் சுள்ளிக்கூடு கட்டி ஒரே முட்டையிடும். கூட்டம் தீவுவிட்டுத் தீவு பறக்கும்போது, மங்கிய வெளிச்சத்தில் பின்வருவோருக்கு வெள்ளை வாலே வழிகாட்டி.

வேட்டையாலும் காடழிப்பாலும் எண்ணிக்கை குறைகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகப் பட்டியலிட்டுள்ளது. பட்டிமால்வ் இப்போது சரணாலயம். ஆனால் இப்புறா வாழும் கிரேட் நிக்கோபாரின் துறைமுக, நகரத் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது.