உழைத்துக்கொண்டே படித்த 27 பேர்

உயர்தரம் முடித்த பிள்ளைகள் வந்து கேட்பார்கள்: "சேர், படிக்கிறதா, உழைக்கிறதா?"

1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் இதற்கொரு விடை கண்டார். அவரும் வேலை செய்துகொண்டே பொறியியல் படித்தவர்தான். 27 மாணவர்கள் ஒரு வாரம் வகுப்பில். மறு வாரம் தொழிற்சாலையில், சம்பளத்துடன். ஒருவர் வகுப்பிலிருக்க, அவருடைய இணை வேலையில் நிற்பார். நிருவாகம் ஓராண்டுப் பரீட்சார்த்தமாகவே அனுமதித்தது. ஆனால் அது நிலைத்துவிட்டது.

1957இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகமும் பொறியியலை இவ்வழியில் தொடங்கியது. இன்று அங்கே முகாமைத்துவப் பொறியியலையும் இப்படித்தான் படிக்கிறார்கள். ஆளை, நேரத்தை, செலவை நிருவகிக்க வேலைத்தளத்தில்தானே பழக முடியும்?

வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை விடும் பிள்ளைகளுக்கு நம் நாட்டிலும் இந்த வாசல் அகலமாகத் திறக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.