அந்தமான் தீவுகளில் ஸ்கூபா முக்குளிப்பு

அந்தமான் தீவுகளில் ஸ்கூபா முக்குளிப்பு என்பது, வங்காள விரிகுடாவில் அமைந்துள்ள இந்திய ஒன்றியப் பகுதியான அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பவளப்பாறைக் கடற்பகுதிகளில், அழுத்தப்பட்ட காற்று அடைத்த உருளையை முதுகில் சுமந்து நீருக்கடியில் நீந்தும் பொழுதுபோக்கு விளையாட்டைக் குறிக்கும். சுவராஜ் தீவு (முன்னர் ஹேவ்லாக் தீவு) இதன் முதன்மை மையமாக விளங்குகின்றது. சென்னையில் இருந்து நேரடி வானூர்திச் சேவை உள்ளதால் தமிழ்நாட்டில் இருந்து பலர் இதற்காக அங்கு செல்கின்றனர். இப்பயணத்தைத் திட்டமிடுகையில், கடைசி முக்குளிப்புக்கும் திரும்பும் வானூர்திக்கும் இடையே விடவேண்டிய கால இடைவெளி மிக முக்கியமானதாகும்.

பெயரும் பின்னணியும்

ஸ்கூபா என்பது "தன்னிறைவான நீரடி மூச்சுக் கருவி" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகளால் ஆன பெயர் ஆகும். பிரான்சைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோ, எமில் கான்யான் ஆகியோர் 1943இல் உருவாக்கிய மூச்சுச் சீராக்கி இவ்விளையாட்டுக்கு வழிவகுத்தது. தேவைக்கேற்ப, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு நிகரான அழுத்தத்தில் காற்றை வாய்க்குத் தருவதே இச்சீராக்கியின் பணியாகும்.

தூத்துக்குடிக் கடலில் மரபாக நடைபெற்ற முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் ஆகியவற்றில் இருந்து இது அடிப்படையில் வேறுபட்டது. மரபு வழியில் மூச்சடக்கிக் குளிப்பவரின் நுரையீரலில் கடல்மட்டத்தில் இழுத்த காற்று மட்டுமே உள்ளது. ஆகவே அவர் விரைவாக மேலெழுந்தாலும் அக்காற்று பழைய அளவுக்கே மீள்கிறது. ஸ்கூபா முக்குளிப்பவரோ ஆழத்தில், உயர் அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். அவர் மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால் காற்று விரிவடைந்து நுரையீரல் கிழியக்கூடும். எனவே, எந்நிலையிலும் மூச்சை அடக்காதிருத்தல் ஸ்கூபா பயிற்சியின் முதல் விதியாகக் கற்பிக்கப்படுகின்றது.

புவியியல்

அந்தமான் நிக்கோபாரில் பெரியனவும் சிறியனவுமாக 800க்கும் மேற்பட்ட தீவுகளும் பாறைத்திட்டுகளும் உள்ளன. தலைநகர் போர்ட் பிளேர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவு எனவும், நீல் தீவு சாகீத் தீவு எனவும் 2018 டிசம்பரில் பெயர் மாற்றம் பெற்றன. எனினும் பழைய பெயர்களே பேச்சு வழக்கில் மிகுதியாகக் காணப்படுகின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

செல்லும் வழி

சென்னையில் இருந்து ஸ்ரீ விஜயபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,370 கி.மீ. தொலைவில் உள்ளது. மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தில் இருந்து பயணநேரம் இரண்டு மணிக்குச் சற்று அதிகமாகும். பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய தென் புறநகர்ப் பகுதியினர் புறநகர்த் தொடருந்தில் வந்து, வானூர்தி நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலம் நிலையத்தில் இறங்கலாம். பம்மலுக்கு அருகில் உள்ள பல்லாவரம் நிலையத்துக்கு அடுத்த நிலையம் திரிசூலமே ஆகும். சென்னைத் துறைமுகத்தில் இருந்து பயணிகள் கப்பலும் இயக்கப்படுகின்றது; அப்பயணம் ஏறத்தாழ மூன்று நாட்கள் நீடிக்கும்.

ஸ்ரீ விஜயபுரத்தில் இருந்து சுவராஜ் தீவுக்குப் படகில் மட்டுமே பெரும்பாலானோர் செல்கின்றனர். அரசுப் படகுகள் இரண்டரை மணி நேரம் அளவிலும், தனியார் விரைவுப் படகுகள் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் அளவிலும் எடுத்துக்கொள்கின்றன. கடல் கொந்தளிப்பின்போது இச்சேவைகள் நிறுத்தப்படும். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் உருவான தாழ்வழுத்தத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக், நீல் தீவுகளில் சிக்கிக்கொண்டனர். கடற்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றின் கலங்கள் அவர்களை மீட்டன. அதே தாழ்வழுத்தமே பின்னர் வர்தா புயலாக வலுப்பெற்று, டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்தது.

பருவநிலை

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்கின்றது. அக்காலத்தில் கடல் கொந்தளிப்பாகவும் நீர் கலங்கியும் இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றும் ஆண்டின் இறுதியில் மழையையும் புயற்சின்னங்களையும் கொண்டுவருகின்றது. சனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் முக்குளிப்புக்கு மிகவும் ஏற்றவை. நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 27 முதல் 30 பாகை செல்சியசு வரை இருப்பதால் மெல்லிய நீருடையே போதுமானது. இத்தீவுகள் கிழக்கே வெகுதொலைவில் அமைந்திருந்தும் இந்திய சீர்நேரத்தையே பின்பற்றுகின்றன. ஆகவே டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடும். இதனால் முக்குளிப்புப் படகுகள் பொதுவாக அதிகாலையிலேயே புறப்படுகின்றன.

பயிற்சியும் தகுதியும்

முக்குளிப்பு நிலையங்கள் பன்னாட்டுப் பயிற்சி அமைப்புகளின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. அவற்றுள் 1966இல் தொடங்கப்பட்ட பேடி பரவலாக அறியப்பட்டதாகும். அதன் நிலைகள் பின்வருமாறு:

- அறிமுக முக்குளிப்பு: பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில், அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம் வரை. நீச்சல் அறியாதவரும் இதில் பங்கேற்கலாம்.
- திறந்தநீர் முக்குளிப்பாளர்: பாடம், ஆழமற்ற நீர்ப் பயிற்சி, நான்கு கடல் முக்குளிப்புகள் ஆகியவற்றைக் கொண்டது. பொதுவாக மூன்று அல்லது நான்கு நாட்கள் தேவைப்படும். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் பெற்றவர் துணையொருவருடன் 18 மீட்டர் வரை செல்லலாம்.
- மேம்பட்ட திறந்தநீர் முக்குளிப்பாளர்: 30 மீட்டர் வரை செல்லலாம்.

பங்கேற்பவர் அனைவரும் உடல்நல வினாப்படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை முதலியன இருப்பின் மருத்துவரின் ஒப்புதல் தேவை. கருவுற்ற பெண்கள் முக்குளித்தல் ஆகாது. ஒப்புதலை ஊரிலேயே பெற்றுச் செல்லாதவர்கள் தீவை அடைந்தபின் முக்குளிக்க இயலாமல் போகலாம். சளி பிடித்திருக்கும்போது காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய இயலாது என்பதால், சளி நீங்கும் வரை முக்குளிப்பைத் தவிர்க்க வேண்டும்.

முக்குளிப்பு இடங்கள்

- நீமோ திட்டு: சுவராஜ் தீவின் கரையோரத்தில் உள்ள ஆழமற்ற பகுதி. புதியவர்களின் பயிற்சிக்குப் பயன்படுகின்றது.
- அக்குவாரியம், லைட்ஹவுஸ்: சிறு மீன்கள் நிறைந்த, மிதமான ஆழமுள்ள பவளத்திட்டுகள்.
- டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானீஸ் கார்ஜ்: கரையில் இருந்து தொலைவில், ஆழ்ந்த நீரில் உள்ள பாறை அமைப்புகள். பெரிய மீன் கூட்டங்களுக்குப் பெயர்பெற்றவை. நீரோட்டம் மிகும் இடங்களாதலால் முன்பயிற்சி உள்ளவர்களுக்கே ஏற்றவை.

இறுதியாகக் கூறிய இரண்டும் கரேன் இனக் கடலோடிகளின் பெயர்களைத் தாங்கியவை. கரேன் மக்கள் 1925 முதல் பர்மாவில் இருந்து வந்து மத்திய அந்தமானில் குடியேறியவர்கள்.

அழுத்தமும் வானூர்திப் பயணமும்

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகின்றது. அழுத்தம் கூடும்போது, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகின்றது. மெதுவாக மேலெழுந்தால் அது மூச்சுவழியே வெளியேறிவிடும். விரைவாக மேலெழுந்தால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் எழும் குமிழிகளைப் போல உடலுக்குள் குமிழிகள் தோன்றும். இதுவே அழுத்தநீக்க நோய் எனப்படுகின்றது. மூட்டுவலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல் முதல் பக்கவாதம் வரை இதனால் ஏற்படலாம். இதனைத் தவிர்க்க நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலெழுவதும், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் நிற்பதும் வழக்கமாகும்.

நீரைவிட்டு வெளியேறிய பின்னும் பல மணி நேரம் மிகுதி நைதரசன் உடலில் தங்கியிருக்கும். பறக்கும் வானூர்தியின் உள்ளழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலை மீதுள்ள அழுத்தத்துக்கு ஒப்பானது. அதாவது வானூர்தியில் ஏறுவது, உடலைப் பொறுத்தவரை மேலும் ஒருமுறை மேலெழுவதாகும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதலின்படி, ஒரேயொரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாட்கள் முக்குளித்த பின் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். கப்பலில் திரும்புவோருக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

அழுத்தநீக்க நோய்க்கு உடனடியாக உயிர்வளி அளித்து, உயர் அழுத்த அறையில் சிகிச்சை தரவேண்டும். அவ்வசதி ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள கடற்படை மருத்துவமனையான தன்வந்திரியில் உள்ளது. சுவராஜ் தீவில் நோயுற்றவர் அங்கு கொண்டுசெல்லப்பட வேண்டும் என்பதால், படகில் உயிர்வளி உருளை இருப்பதை முன்கூட்டியே உறுதிசெய்தல் நன்று.

பயண ஒழுங்கு

மேற்கூறிய காரணங்களால் பயணத்திட்டம் திரும்பும் வானூர்தியில் இருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுகின்றது. சான்றிதழ் பெற்றவருக்கான ஆறு நாள் பயணம் பின்வருமாறு அமையலாம்:

- முதல் நாள்: சென்னையில் இருந்து ஸ்ரீ விஜயபுரம், படகில் சுவராஜ் தீவு.
- இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்கள்: முக்குளிப்பு. ஆழமான இடங்கள் முதலில்.
- ஐந்தாம் நாள்: படகில் ஸ்ரீ விஜயபுரம் திரும்பல், 1906இல் கட்டிமுடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைக் காணல்.
- ஆறாம் நாள்: சென்னை திரும்பல்.

ஐந்தாம் நாள் காலையிலும் முக்குளித்து, பகல் 11 மணிக்கு முடித்தால், 18 மணி நேரம் மறுநாள் காலை 5 மணிக்கே நிறைவடைகின்றது. கணக்கின்படி இது போதுமானதே. ஆயினும் அன்று மாலைப் படகு நிறுத்தப்பட்டால் வானூர்தியைத் தவறவிட நேரிடும். ஒரு முழுநாள் இடைவெளி இவ்விரண்டு இடர்களுக்கும் காப்பாக அமைகின்றது. புதிதாகப் பயிற்சி பெறுவோர் ஒன்று அல்லது இரண்டு நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

பவளங்கள், கடல்விசிறிகள், கடல் அட்டைகள், கடற்குதிரைகள் ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டையும் எடுத்துச் செல்லக்கூடாது. வானூர்தி நிலையத்தில் பயணப்பொதிகள் சோதிக்கப்படுகின்றன. பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்குள் நுழைவது 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி குற்றமாகும்.

இத்தீவுகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010இல் ஹேவ்லாக் தீவின் நீல்ஸ் கோவ் பகுதியில் மூச்சுக்குழல் அணிந்து நீந்திய அமெரிக்கப் பயணி ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களிலும் அலையாத்திக் காடுகளின் அருகிலும் நீரில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

பவளப்பாறைகளின் நிலை

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தால் வடக்கு அந்தமானின் சில பவளத்திட்டுகள் நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்து மடிந்தன. கடல்நீர் வெப்பம் உயர்ந்ததால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறின. அவ்வாறு நலிவுற்ற பவளங்கள் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். துடுப்புக் காலணி பட்டாலே கிளைப்பவளம் ஒடிந்துவிடும். ஆகவே மிதப்பைக் கட்டுப்படுத்தி, எதையும் தொடாமல் நீந்தும் திறனைப் பெற்ற பின்னரே பவளத்திட்டுகளுக்குச் செல்வது முக்குளிப்பவரின் கடமையாகக் கருதப்படுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

- முத்துக்குளித்தல்
- மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா
- செல்லுலார் சிறை
- பவளப்பாறை