உளுந்துக்குக் காவல் நொச்சி வேலி: நடவும் பராமரிப்பும்

டெல்டா விவசாயிகளுக்குச் சம்பா, தாளடி அறுவடைக்கு முன் தை மாதம் தெளிக்கும் உளுந்துதான் கோடைக் கைச்செலவுக்கான பணம். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதன்பின் மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியுமே பயிரைக் காக்கின்றன. அந்த நேரத்தில் மஞ்சள் தேமல் நோய் புகுந்தால் காய்ப்பு குறைந்துவிடும்.

இது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். தாக்கிய செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. முன்கூட்டியே தடுக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் தடுப்பு முறைகளில் ஒன்று, விதைத்த 30-ம் நாள் 10 சதவீத நொச்சி இலைச் சாறு தெளிப்பது. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தெளித்தால் 20 கிலோ இலை வேண்டும். வாய்க்கால் கரையில் நிற்கும் ஒன்றிரண்டு செடிகளில் அது தேறாது. சொந்தமாக ஒரு நொச்சி வேலி இருந்தால், தண்ணீர் இல்லாத மாசியிலும் இலை கைக்கெட்டும்.

அடையாளம்

நொச்சி நம் மண்ணின் செடி. ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள் இருக்கும், சிலவற்றில் மூன்று. இலையின் அடிப்புறம் சாம்பல் வெளுப்பு. கசக்கினால் நெடி வீசும். கிளை நுனியில் நீலம் கலந்த ஊதாப் பூக்கள் கொத்தாக வரும். தேனீக்கள் தேடி வரும். கருநொச்சி என்பது தனித்தனி இலை உள்ள வேறு செடி. அதை மாற்றி நட்டுவிடாதீர்கள்.

நடவு

ஐப்பசி, கார்த்திகை மழை ஏற்ற காலம். முற்றிய கிளையில் பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் உள்ள போத்துகளை வெட்டுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. வேர் பிடிக்கும்வரை தண்ணீர் தேங்கினால் போத்து அழுகும். அதனால் மேடான இடமே நல்லது.

கொல்லை ஓரம், களத்து மேட்டு எல்லை, வாய்க்கால் கரை ஆகியவை பொருத்தமான இடங்கள். வயலுக்கு நடுவிலுள்ள வரப்பில் வேண்டாம். பயிருக்கு நிழல் விழும். எலி வளை வைக்கவும் வசதியாகிவிடும்.

பராமரிப்பு

மழை நின்றபின் முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை உயிர்த்தண்ணீர் விடுங்கள். பிறகு வேர் ஆழம் போய், வறட்சியைத் தானே தாங்கும். ஆடு மாடு இதை விரும்பித் தின்பதில்லை. செடி இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை அடர்ந்து வேலி நெருங்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து இலை பறிக்கலாம். ஒரே செடியை மொட்டையடிக்காமல், மூன்றில் ஒரு பங்கு இலையை விட்டுப் பறியுங்கள். வேலியடியைப் புல் மண்டாமல் வைத்திருங்கள்.

சாறு தயாரிப்பு

ஒரு லிட்டர் கரைசலுக்கு 100 கிராம் பச்சை இலை என்பது கணக்கு. இலையைச் சிறிது தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, மீதித் தண்ணீரைச் சேருங்கள். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலக்கலாம். அன்றன்றைக்கு அரைத்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். வெள்ளை ஈ அங்கேதான் இருக்கும்.

நொச்சி மட்டும் போதாது. வம்பன் 8 போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள ரகம், விதை நேர்த்தி, ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டும் பொறி ஆகியவற்றோடு சேர்த்துச் செய்யுங்கள். தொடக்கத்தில் மஞ்சளாகத் தெரியும் செடிகளை உடனே பிடுங்கி அழித்துவிடுங்கள்.

மிஞ்சும் இலையை நிழலில் காயவைத்து, விதை உளுந்து மூட்டையில் போடலாம். குதிரில் நொச்சி போடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம்தான். இந்த ஐப்பசியில் போத்து நட்டால், அடுத்த தைக்கு மறு தையில் தெளிக்கும் உளுந்துக்கு இலை தயாராக இருக்கும்.