புயலில் ஒரு சர்வர் விழுந்தாலும் பட்டியல் தப்புமா? டேட்டாபேஸ் கிளஸ்டர்: முழு விளக்கம்

2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரை திரும்பாத மீனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு ஒரு கணக்கும், மீனவர்கள் வேறு கணக்கும் சொன்னார்கள்.

அப்படியொரு நாளில், படகுகளின் பட்டியலோ நோயாளிகளின் விவரமோ நாகர்கோவிலில் உள்ள ஒரே ஒரு சர்வரில் மட்டும் இருந்தால்? கரண்ட் போனால் பட்டியலும் போச்சு. இதற்கான தீர்வுகளில் ஒன்றுதான் டேட்டாபேஸ் கிளஸ்டர்.

கிளஸ்டர் என்றால் என்ன?

ஒரே கணக்கை ஒரே நேரத்தில் மூன்று நோட்டில் எழுதுவது மாதிரி. மூன்று சர்வர்களிலும் அதே தகவல் இருக்கும். எதில் பதிந்தாலும் மற்ற இரண்டுக்கும் போய்ச் சேரும். இலவச டேட்டாபேஸான மரியாடிபியில், 10.1 பதிப்பில் இதற்கான 'கலேரா' வசதி சேர்க்கப்பட்டது.

ஏன் மூன்று? இரண்டு போதாதா?

போதாது. நடுவில் நெட்வொர்க் அறுந்தால், எதிர்ப்பக்க சர்வர் விழுந்துவிட்டதா, லைன் மட்டும் போச்சா என்று தெரியாது. இரண்டும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் இரண்டு பட்டியல் உருவாகிவிடும். இதைத் தடுக்க, பாதிக்கு மேல் 'ஓட்டு' உள்ள பக்கத்தை மட்டுமே கலேரா இயங்க விடும்.

வேறு அமைப்பில் இயங்கிய கிட்ஹப் தளத்துக்கு 2018 அக்டோபர் 21-ல் இந்தச் சிக்கல் வந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு அறுந்தது வெறும் 43 விநாடி. அதற்குள் மேற்குக் கரை சர்வர்கள் பொறுப்பேற்க, இரு பக்கமும் வெவ்வேறு பதிவுகள் தங்கிவிட்டன. சேவை முழுதாகச் சீராக 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது.

சர்வர்களை எங்கே வைப்பது?

கோட்டை விடக்கூடிய இடம் இதுதான். நாகர்கோவிலில் இரண்டு, சென்னையில் ஒன்று என்று வைத்தால், புயலில் நாகர்கோவில் முடங்கும்போது சென்னை சர்வரும் தகவல் தராது. அது நன்றாக ஓடினாலும், மூன்றில் ஒரு ஓட்டுதானே இருக்கிறது!

அதனால் நாகர்கோவில், மதுரை, சென்னை என மூன்று ஊர்களில் வைப்பதே பாதுகாப்பு. மூன்றாவது ஊரில் முழு சர்வர் வைக்க வசதி இல்லையென்றால் 'கலேரா ஆர்பிட்ரேட்டர்' என்ற சிறு மென்பொருள் போதும். அது தகவலைச் சேமிக்காது, ஓட்டு மட்டும் போடும். ஆனால் நல்ல நெட் இணைப்பு வேண்டும்.

ஒரு குறை உண்டு. நாகர்கோவிலில் பதியும் ஒவ்வொன்றும் சுமார் 700 கி.மீ. தள்ளியுள்ள சென்னை வரை போய் வந்தால்தான் உறுதியாகும். எழுதும் வேகம் கொஞ்சம் குறையும்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

* மூன்றிலும் ஒரே மரியாடிபி பதிப்பு இருக்கட்டும்.
* டேபிள்கள் 'இன்னோடிபி' வகையாக, பிரைமரி கீ உள்ளதாக இருக்க வேண்டும்.
* 4567, 4568, 4444 போர்ட்கள் அந்த சர்வர்களுக்கு இடையே மட்டும் திறந்திருக்க வேண்டும். பொது இணையத்துக்கு அல்ல.
* 'கலேரா நியூ கிளஸ்டர்' கட்டளையை முதல் சர்வரில் மட்டும் கொடுக்க வேண்டும். மற்றவற்றுக்கு வழக்கமான ஸ்டார்ட் போதும்.
* கிளஸ்டர் சைஸ் 3 என்று காட்டினால் மூன்றும் சேர்ந்துவிட்டன.

மூன்றும் அணைந்துவிட்டால்?

கைக்குக் கிடைத்த சர்வரை அவசரப்பட்டுக் கிளப்பக் கூடாது. கடைசியாக அணைந்ததில்தான் புதிய பதிவுகள் இருக்கும். முறையாக நிறுத்தியிருந்தால், 'கிராஸ்டேட்' கோப்பில் 'சேஃப் டு பூட்ஸ்ட்ராப்' என்பதற்கு எதிரே அதில் மட்டும் 1 என்று இருக்கும். கரண்ட் திடீரெனப் போயிருந்தால் மூன்றிலும் 0 இருக்கலாம். அப்போது ஒவ்வொன்றிலும் கடைசிப் பதிவு எண்ணைப் பார்த்து, அதிக எண் உள்ளதை முதலில் கிளப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் கடைசியாகச் சேர்த்த பெயர்கள் காணாமல் போகலாம்.

அப்போ பேக்கப் தேவையில்லையா?

கண்டிப்பாகத் தேவை. யாராவது தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால், மூன்று சர்வரிலும் அது அழிந்துவிடும். எனவே தினமும் பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். அது திரும்ப ஏறுகிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.