ஒட்டும் பொருத்தமும்

கொல்கத்தாவில், காளிகாட்டை அடுத்துச் செல்லும் ராஷ்பிகாரி அவென்யூவில் ஹிரேன் ராயின் சிதார்ப் பட்டறை புகழ் பெற்றிருந்தது. நிகில் பானர்ஜி (1931–1986) மீட்டியது அவர் செய்த சிதாரையே. சிதாரின் உடல் சுரைக்குடுக்கை, கழுத்து மரம். இடையில் ஒரு மரத்துண்டை அமைத்துப் பசையிட்டு இணைப்பர்.

நம் தஞ்சாவூர் வீணையில் இருவகை உண்டு. ஒரே பலாமரத் துண்டில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை; குடத்தையும் தண்டியையும் தனித்தனியே செய்து சேர்ப்பது ஒட்டு வீணை. ‘ஒட்டு’ என்றாலே நம்மிற் பலருக்குச் சற்று இளக்காரம்.

1950-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின் கித்தாரிலோ பசையும் இல்லை. உடலில் வெட்டிய குழியில் கழுத்தைப் பதித்து, பின்புறம் உலோகத் தகடு வைத்து, நான்கு திருகாணிகளால் முடுக்கினார். கழுத்துப் பழுதானால் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். ஆனால், குழி தளர்ந்திருந்தால் கழுத்து அசையும், சுருதி கலையும். திருகாணி பிடிக்கத்தான் செய்யும். பொருத்தத்தைத் தருவது தச்சனின் உளியே.

ஆகவே, குறை ஒட்டில் இல்லை. ஒட்டும் கையில் உண்டு. நம்முடன் ரயிலேறி வந்து வீட்டு மூலையில் உறங்கும் ஒட்டு வீணையைச் சுருதி கூட்டிப் பார்ப்போமாக.